மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை ஊர் ஊராக அனுப்பிப் பூமியைத் துளைத்துச் சம்பாதித்த ஒருவர், துளைத்தது போதும், இனி பிள்ளைகளின் மண்டையில் ஏதாவது ஊற்றுவோம் என்று பைபாஸ் ரோட்டோரம் ஒரு கலை அறிவியல் கல்லூரியைக் கட்டினார். கட்டியவர், பெண்களையும் சேர்த்தால்தான் இடம் நிரம்பும் என்று இருபாலருக்கும் கதவைத் திறந்துவிட்டார். திறந்துவிட்டபின், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் பிடித்துக்கொள்ள, பெயின்டரைக் கூப்பிட்டு வாசல் கேட்டிலிருந்து ஒரு மஞ்சள் கோடு போடச் சொன்னார். அந்தக் கோடு மைதானத்தைப் பிளந்து, படியேறி, வராந்தாவில் நடந்து, ஒவ்வொரு வகுப்பறையிலும் நுழைந்து கரும்பலகை வரை போய்த் திரும்பி, மெஸ்ஸில் சாம்பார் அண்டாவைச் சுற்றிக்கொண்டு, பின்சுவரில் முட்டி நின்றது. கோட்டுக்கு மேற்கே பெண்கள், கிழக்கே பையன்கள். ஒரு பெண்ணின் பேனா உருண்டு அந்தப் பக்கம் போய்விட்டால் அந்தப் பேனா போனதுதான். அட்மிஷனுக்கு வரும் பெற்றோர்கள் லேபைப் பார்க்க மாட்டார்கள், லைப்ரரியைப் பார்க்க மாட்டார்கள், குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா அழுத்தமாப் போட்டிருக்கறாங்க" என்று திருப்தியாகப் பணம் கட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தக் கல்லூரியில்தான் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் பாவாயியின் ஒரே மகள் மோகனப்பிரியா பி.சி.ஏ. சேர்ந்தாள். பிளஸ் டூவில் தையல் பிரிவு படித்தவள். எக்ஸ் என்று எழுதியிருந்தால் பெருக்கல் என்று நினைத்துக்கொள்கிற அளவுக்குத்தான் அவளுக்கும் கணக்குக்கும் பழக்கம். இவளைப் போலக் கணக்கைப் பத்தாவதோடு கைகழுவிய பிள்ளைகள் வகுப்பு நிறைய இருந்ததால், முதல் செமஸ்டரில் அடிப்படை இயற்கணிதம் என்று ஒரு பேப்பரை வைத்து, அதைக் குழந்தைவேல் சாரிடம் கொடுத்திருந்தார்கள்.

குழந்தைவேல் சார் பயப்படாத மனிதர். தனக்குத் தெரியாததைப் பற்றி அவர் ஒருநாளும் பயந்ததில்லை. "இயற்கணிதம்னா ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு விதி. அதை மட்டும் புடிச்சுக்கிட்டா பாஸ்" என்று சொல்லி, காலையில் வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகளைச் சொல்ல வைப்பார். கோட்டுக்கு மேற்கேயிருந்து பெண்கள் எல்லாரும், "பக்கம் மாறினால்" என்று எடுத்துக்கொடுப்பார்கள். கிழக்கேயிருந்து பையன்கள் எல்லாரும், "குறி மாறும்" என்று முடிப்பார்கள். கோயில் பஜனையாட்டம் அது மூன்று மாடிக்கும் கேட்கும். ஒருநாள் ஒரு பையன் எழுந்து, "ஏஞ் சார் மாறுது?" என்று கேட்டான்.

"ரோட்டுல இடது பக்கமாப் போகோணும்னா போறியில்ல? ஏன்னு கேட்டுக்கிட்டா நிக்கறே?" என்றார் சார். "உக்காரு."

பையன் உட்கார்ந்துவிட்டான். அத்தோடு ஏன் என்ற சொல் அந்த வகுப்பைவிட்டுப் போய்விட்டது. காரணம் போன இடத்தில் சொல் மட்டும் தங்கி, தினமும் அத்தனை வாய்களும் அதையே சொல்லிச் சொல்லி, சுவரிலும் பெஞ்சிலும் மின்விசிறியின் இறக்கையிலும் அது ஏறி உட்கார்ந்துகொண்டது.

எக்ஸ் கூட்டல் ஐந்து சமம் பன்னிரண்டு என்று சார் பலகையில் எழுதிய நாளில், எவ்வளவு சொல்லியும் யாருக்கும் ஏறவில்லை. சாருக்குக் கோபம் வரவில்லை, யோசனை வந்தது. முதல் பெஞ்சில் மோகனப்பிரியாவும் ஜீவிதாவும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே வாளி, ஒருத்தி தட்டில் இன்னொருத்தி கை. அந்த இரண்டு பேரையும் எழுப்பிக் கோட்டுக்கு மேற்கே நிறுத்தினார். கிழக்கே கபடி டீம் பையன் ஒருவனை, இருக்கிறவர்களிலேயே கனமானவனாகப் பார்த்து நிறுத்தினார்.

"ஜீவிதா, நீ எக்ஸ். மோகனப்பிரியா, நீ அஞ்சு. தம்பி, நீ பன்னெண்டு. இப்ப நமக்கு எக்ஸ் எவ்வளவுன்னு தெரியோணும். தெரியோணும்னா எக்ஸ் தனியா நிக்கோணும். கூட ஒட்டிக்கிட்டு நிக்கற அஞ்சை என்ன பண்ணோணும்?"

"அந்தப் பக்கம் அனுப்போணும்!" என்றது வகுப்பு.

"அனுப்புனா?"

"குறி மாறும்!"

மோகனப்பிரியா கோட்டைப் பார்த்தாள். "சார், தாண்டுனா ஃபைன் போடுவாங்க சார்."

"கணக்குக்காகப் போறதுக்கு ஃபைன் இல்லம்மா. போ."

பையன்கள் பக்கமிருந்து விசில் பறந்தது. பெண்கள் பக்கமிருந்து ஜீவிதா அவள் துப்பட்டாவின் நுனியை ஒரு கணம் பிடித்தாள், பிறகு சார் பார்க்கிறாரே என்று விட்டுவிட்டாள். மோகனப்பிரியா கோட்டைத் தாண்டினாள். வலிக்கவில்லை. துணிப்பையை உள்பக்கம் வெளியே திருப்பி உதறினால் எப்படி இருக்கும், அப்படி உடம்புக்குள் ஓர் உதறல் மட்டும் இருந்தது. அதே சமயம் பக்கத்தில் நின்ற கபடிப் பையனின் கன்னம் ஒட்டி, தோள் இறங்கி, பேண்ட் இடுப்பைவிட்டு நழுவியது. அவன் அவசரமாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் ஏழாகியிருந்தான். "பாத்தீங்களா! எக்ஸ் சமம் ஏழு!" என்று சார் துள்ளிக் குதித்தார். இருபது வருஷச் சர்வீஸில் அவர் சொல்லிக்கொடுத்த ஒன்று கண்ணெதிரே நடந்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் மணி அடித்தது. சார் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். போன ஐந்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மோகனப்பிரியா தானாகவே கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து பையை எடுத்துக்கொண்டாள். ஆனால் கணக்கில் போனவள் காலால் நடந்து வந்தால் ஆகுமா? போனது மோகனப்பிரியா, வந்தது மைனஸ் மோகனப்பிரியா.

அன்று மத்தியானம் மெஸ்ஸில் அது தெரிந்தது. அவள் சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். தட்டில் சாதம் கூடியது, வயிற்றில் பசி கூடியது. இன்னொரு வாய் வைத்தாள். தட்டு இன்னும் மேடானது, வயிறு இன்னும் பள்ளமானது. அவள் தின்னத் தின்னத் தட்டு வழிந்து, டேபிள் வழிந்து, சமையல்கார மாரப்பண்ணனின் சோற்று அண்டாவும் ஏறிக்கொண்டே வந்தது. எப்போதும் கடைசி வரிசைக்கு எட்டாமல் வெறும் ரசத்தை ஊற்றிச் சமாளிக்க வைக்கிற அண்டா அது. போன வாரம் சாம்பாரில் பல்லி விழுந்ததற்கு மேஜை மேல் ஏறிக் கத்திய அதே பிள்ளைகள், இதற்குச் சத்தமே போடவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் தடவை வரிசையில் வந்து நின்றார்கள். வார்டனம்மாவுக்கு வந்த ஒரே சந்தேகம், இப்படிப்பட்ட பெண்ணைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பதுதான். மாரப்பண்ணன் கரண்டியோடு அவள் பக்கத்தில் வந்து நின்று, "ஏம்புள்ள, நிறுத்திட்டே? இன்னுங் கொஞ்சம் தின்னு. கடைசி வரிசைக்குப் பத்தல" என்றார்.

"பசிக்குதுங்கண்ணா" என்றாள் அவள்.

"அதுக்குத்தான் தின்னுங்கறேன்."

அந்த வாரமே அவளுக்கு மெஸ்ஸில் கோட்டுக்குக் கிழக்கே தனி நாற்காலி போட்டார்கள். மூன்று வேளையும் அவள்தான் முதலில் உட்கார்ந்து தின்ன வேண்டும், அண்டா விளிம்பைத் தொட்டபின்தான் எழுந்திருக்க வேண்டும். தின்னாமல் இருந்தால் என்ன என்று ஒருநாள் அவள் வாயை மூடிக்கொண்டாள். மாரப்பண்ணன் கெட்டவரில்லை, தலையைத் தடவிக்கொடுத்து ஊட்டிவிட்டார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தாளாளரின் ரிக் வண்டிகள் அவருடைய சொந்தக் கல்லூரி மைதானத்திலேயே ஆயிரத்தைந்நூறு அடி இறங்கியும் புகைதான் வந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் காட்டியவரின் தொட்டி காய்ந்து கிடக்கிறது என்று டீக்கடையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தாளாளர் காதுக்கு வந்த அன்று, அவர் மோகனப்பிரியாவைத் தன் காரிலேயே ஏற்றித் தரைத்தொட்டிக்குக் கூட்டிப்போய், அடியில் கிடந்த கலங்கல் தண்ணீரை வெள்ளி டம்ளரில் மொண்டு மரியாதையாக நீட்டினார். "குடி கண்ணு." அவள் குடித்தாள். தொட்டி ஒரு சாண் ஏறியது, அவள் உதடு வெடித்தது. குடிக்கக் குடிக்கத் தொட்டி நிரம்பித் தளும்பியது, அவளுக்கு நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்டது. தாளாளர் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரிலேயே முங்கிக் குளித்தார்.

அதன்பின் ஊர் அவளை எடுத்துக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவதற்கு முன் சமையற்கட்டில் அவளுக்கு இலை போட்டார்கள். கோயில் அன்னதானத்தில் அவளுக்கு மாலை போட்டு முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். கிணறு காய்ந்தவர்கள் காலேஜ் வேனை மறித்து, "ரெண்டே மடக்கு கண்ணு, மாடுகன்னுக்கு மட்டும்" என்று சொம்பை நீட்டினார்கள். மைனஸ் பாப்பா என்று பெயர் வைத்து, அவள் வருகிற வழியில் வாசல் தெளித்தார்கள். அந்தத் தண்ணீரும் அவள் குடித்துக் கொடுத்ததுதான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஊர் மொத்தமும் ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்வதை இவ்வளவு பயபக்தியோடு செய்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

எலும்பும் தோலுமாக அவள் வந்து நிற்பதைப் பார்த்து, எங்கே ஒன்றுமில்லாமல் போய்விடுவாளோ என்று தாளாளருக்கே கவலை வந்து, குழந்தைவேல் சாரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அந்தப் பயமே வேண்டாங்கய்யா" என்றார் சார். "பூஜ்யம்தான் கடைசின்னு நெனைக்கறது பாமர ஜனங்க. பூஜ்யத்துக்கு அக்கட்டயும் எண் இருக்குதுங்க. மைனஸ் ஒண்ணு, மைனஸ் ரெண்டு, மைனஸ் நூறு. போய்க்கிட்டே இருக்கும். அதுக்கு முடிவே கெடையாதுங்க."

"அப்பச் சாக மாட்டா?"

"மாட்டாளுங்க."

"கணக்கு நல்ல படிப்புதான்" என்று தாளாளர் சொல்லி, சாருக்குத் துறைத்தலைவர் பதவி கொடுத்தார்.

பாவாயிக்கு விஷயம் எட்டி, பண்ணையில் ஒருநாள் லீவு கேட்டு வாங்கி, பஸ் மாறி வந்து சேர்ந்தாள். விசிட்டர் ஹாலில் மகளைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "என்ற சாமி, என்ற தங்கமே, ராசாத்தி, இப்படி ஆயிட்டியே" என்று அவள் சொல்லச் சொல்ல, மோகனப்பிரியாவின் கால்கள் மடங்கின. தங்கமே என்றபோது மூக்கில் ரத்தம் வந்தது. ராசாத்தி என்றபோது தலை தொங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஜீவிதாவுக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைக் கத்தினாள்: "ஏண்டி மூதேவி, அம்மாவ அழ வெச்சுட்டு என்னடி நாடகம் போடறே, எந்திரிடி எருமை!"

மோகனப்பிரியா கண்ணைத் திறந்தாள். வெளுத்த கன்னத்தில் நிறம் ஏறியது. "இன்னொருக்காத் திட்டு" என்றாள்.

அப்போதுதான் ஜீவிதாவுக்குப் பிடிபட்டது. மைனஸுக்குப் பிளஸைக் கொடுத்தால் தேயும். மைனஸைக் கொடுத்தால்தான் தேறும். அன்பான வார்த்தை அவளை அறுத்தது, வசவு அவளுக்குச் சோறானது. பாவாயியிடம் இதை எடுத்துச் சொன்னார்கள். பிள்ளை பிழைக்க வேண்டுமானால் திட்டு என்றார்கள். பாவாயி முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முயற்சி செய்து, "சனியனே" என்று மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். சொன்னதும் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு, "அய்யோ என்ற கண்ணு" என்று அழுதுவிட்டாள். அந்தக் கண்ணு, சனியனால் வந்ததையும் கொண்டுபோய்விட்டது. பெற்ற வாயால் பிள்ளைக்குக் கெடுதல்தான் வருகிறது என்று தெரிந்தபின் பாவாயி மறுபடி வரவில்லை.

அன்றிலிருந்து மோகனப்பிரியாவை உயிரோடு வைத்திருந்தது ஜீவிதாவின் வசவுதான். அதிர்ந்து பேசாத பெண் அது. சீட்டுக்குச் சண்டை வந்தால் தானே எழுந்து இடம் கொடுத்துவிடும். அது இவளுக்காகச் சந்தையில் போய் நின்று, குழாயடியில் போய் நின்று, வசவு பொறுக்கிக்கொண்டு வந்தது. சாயங்காலம் ஆனால் துணி காயும் மொட்டை மாடியில் உட்கார வைத்து, தண்டச்சோறே, பேதியில போறவளே, உன்னையப் பெத்ததுக்கு உங்கம்மா ஒரு முட்டைய அடை வெச்சிருக்கலாம் என்று கண்ணீர் வழிய வழியத் திட்டும். மோகனப்பிரியா வெயில் காய்கிற பூனையைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வாள். இது வெளியே தெரிந்ததும் ஊர் சும்மா இருக்குமா? மைனஸ் பாப்பாவுக்கு ஏதோ நம்மால் ஆனது என்று வெள்ளிக்கிழமை விரதம் முடித்த பெண்கள் வந்து ஆளுக்கு ஓர் அறை கொடுத்துவிட்டுப் போனார்கள். பையன்கள் கோட்டோரம் நின்று சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னார்கள். எல்லாம் அவள் நல்லதுக்கு. அவளும் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அந்த ஒரு வருஷத்தில் அவள் வேறொன்றும் செய்தாள். பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு, தின்ற நேரம் போகக் குடித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கணக்குப் போட்டாள். தன்னை என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டுமே. பாதிப் புத்தகம் தாண்டியதும் தெரிந்தது. யாரும் எந்தப் பக்கத்துக்கும் போவதில்லை. பக்கம் மாறுவது என்பதே கிடையாது. இந்தப் பக்கம் ஐந்தைக் கழித்தால் அந்தப் பக்கமும் ஐந்தைக் கழிக்கிறோம், அவ்வளவுதான். பார்க்கிறவனுக்குப் போனது போலத் தெரிகிறது. அப்படியானால் இரண்டு பக்கமும் ஐந்தைக் கூட்டினால் அவள் பழையபடி வந்துவிடுவாள். அந்தக் கல்லூரியில் இயற்கணிதம் உண்மையாகப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

நேராகக் குழந்தைவேல் சாரிடம் போனாள். "சார், என்னையத் திருப்பிக் கொண்டாந்துருங்க. ரெண்டு பக்கமும் அஞ்சைக் கூட்டுனாப் போதும் சார்."

சார் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தப் போர்ஷன் முடிஞ்சுருச்சேம்மா."

"புது பேட்ச் வந்திருக்குதுங்க சார். மறுபடி நடத்துவீங்கல்ல."

சாருக்குச் சங்கடமாகிவிட்டது. தாளாளரிடம் கூட்டிப்போனார். தாளாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன்ற கஷ்டம் எனக்குப் புரியுது கண்ணு. ஆனா நீ வந்துட்டாத் தண்ணிக்கு என்ன வழி? உன்னையாட்டம் ஒரு புள்ள அக்கட்ட போகட்டும், நீ தாராளமா இக்கட்ட வந்துக்க."

"அதானே விதியுங்க" என்று சார் உடனே பிடித்துக்கொண்டார். "ஒருத்தி வந்தா ஒருத்தி போயே ஆகோணும். இல்லீன்னா சமன்பாடு கெட்டுப்போயிருமுங்க."

அது பொய். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அப்படி ஒரு விதி கிடையாது. தாளாளருக்கு அது பொய்யென்று தெரியாது, சாருக்கேகூடத் தெரியுமோ தெரியாதோ. மோகனப்பிரியாவுக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தாளாளர் தொட்டியைக் காட்டுவார், அவள் நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான். அவள் வாயைத் திறக்கவில்லை.

மொட்டை மாடியில் ஜீவிதா அன்றைக்குப் பொறுக்கி வந்த வசவோடு காத்திருந்தாள். அவள் தொடங்குவதற்கு முன் மோகனப்பிரியா சொன்னாள்: "நான் வரோணும்னா யாராச்சும் ஒருத்தி போகோணுமாம்டி. விதி அப்படித்தான்."

ஜீவிதாவுக்கு இயற்கணிதத்தில் அரியர். முதல் பெஞ்சிலேயே எக்ஸாக நின்றவளுக்கு எக்ஸ் என்றால் என்னவென்று கடைசி வரை விளங்கவில்லை. "நெசமாவா?" என்றாள்.

"புஸ்தகத்துலயே போட்டிருக்குது."

"நீ சொன்னாச் சரி." அவள் கொடியிலிருந்த மோகனப்பிரியாவின் துணியை எடுத்து மடித்தாள். "எத்தன நாளைக்குடி?"

"தீபாவளி வரைக்கும். கொஞ்சம் ஒடம்பு தேத்திக்கறேன். அப்பறம் நான் அங்க போயிக்கறேன், நீ வந்துரு. மாத்தி மாத்தி இருந்துக்கலாம். ரெண்டு பேர் பகுந்துக்கிட்டாத் தாங்கிக்கலாம்டி."

"எனக்குப் பயமா இருக்குது." பிறகு அவளே கேட்டாள்: "என்னையத் திட்டறதுக்கு நீ இருப்பியில்ல?"

"இருப்பேண்டி."

மறுநாள் புது பேட்ச் முன்னால் ஜீவிதாவை மேற்கேயும் மோகனப்பிரியாவைக் கிழக்கேயும் நிறுத்தினார்கள். சார் பலகையில் எழுதினார். பக்கம் மாறினால் என்றார்கள் புதுப் பெண்கள், குறி மாறும் என்றார்கள் புதுப் பையன்கள். ஜீவிதா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் படி ஏறுகிறவளைப் போலக் கோட்டைத் தாண்டினாள். எதிரே மோகனப்பிரியா இந்தப் பக்கம் வந்தாள். நடுக்கோட்டில் ஒருத்தியை ஒருத்தி கடக்கும்போது இரண்டு தோளும் உரசின. உதறல் வந்தது, போனது. இந்தப் பக்கம் வந்தவள் யாரிடமும் ஒன்றும் பேசாமல் மெஸ்ஸுக்கு ஓடினாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் வாய்ச் சோறு தொண்டையில் இறங்கி வயிற்றில் போய் விழுந்தது. விழுந்த இடத்தில் இருந்தது. அடுத்த வாய் அதன் மேல் விழுந்தது, அதுவும் இருந்தது. அவள் அழுதுகொண்டே தின்றாள். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. தனி நாற்காலியில் உட்கார்ந்து ஜீவிதாவும் தின்றுகொண்டிருந்தாள். இவள் தட்டு காலியாகக் காலியாக, அந்தத் தட்டிலிருந்து அண்டாவுக்கும் அண்டாவிலிருந்து இவள் தட்டுக்கும் சோறு வந்துகொண்டிருந்தது.

முதல் மாதம் மோகனப்பிரியா வாக்குத் தவறவில்லை. சாயங்காலமானால் மொட்டை மாடிக்குப் போய், வாங்கிய வசவை ஒன்றுவிடாமல் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த மாதம் வகுப்பு, டெஸ்ட் என்று சில நாள் தவறியது. ஊரிலிருந்து பாவாயி வந்தாள். பயந்து பயந்து, "சாமி" என்று ஒரு சொல் சொல்லிப் பார்த்தாள், மகள் சிரித்தாள், பாவாயி அன்று பஸ்ஸுக்கு நேரமாகும் வரை சாமி சாமி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மோகனப்பிரியாவின் கன்னம் உப்பியது, சடை தடித்தது, ராத்திரி பசிக்காமல் தூக்கம் வந்தது. ஜீவிதாவின் கழுத்தெலும்பு மேலே வர வர, மொட்டை மாடிப் படி ஏறுவது இவளுக்குக் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. பார்த்தால் திரும்பப் போக வேண்டியது ஞாபகம் வருமே. ஊர்க்காரர்கள் மைனஸ் பாப்பா மாறியதைக் கவனிக்கவேயில்லை. மாலை போட்டார்கள், அறைந்தார்கள், சொம்பை நீட்டினார்கள்.

தீபாவளி வந்து போனது. லீவு முடிந்து எல்லாரும் திரும்பிய அன்று மத்தியானம், மோகனப்பிரியா தட்டோடு மெஸ் வரிசையில் நின்றிருந்தபோது, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஜீவிதா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நின்றாள். அண்டா நிறையச் சோறு ஆவி பறந்தது. பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தீபாவளி போயிருச்சுடி" என்றாள் ஜீவிதா.

மோகனப்பிரியா தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சாரக் கேட்டேன். நீ ஒரு வார்த்த சரின்னாப் போதுமாம். இன்னைக்கே மாத்திக்கலாம்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாளைக்குன்னாக்கூடப் பரவால்ல. ஆனா இப்ப ஒரு ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போடி. லீவுல நாலு நாளா யாரும் ஒண்ணும் சொல்லல. நிக்க முடியல."

மோகனப்பிரியாவுக்கு அந்தப் பசி தெரியும். அந்த ஊரில் அதைத் தெரிந்த இன்னொரு ஆள் அவள் மட்டும்தான். மூதேவி என்ற ஒரு வார்த்தை போதும், அவள் நிமிர்ந்துவிடுவாள். நிமிர்ந்தால் நாளைக்கும் வந்து கேட்பாள், நாளை மறுநாளும் வந்து கேட்பாள். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். கோட்டருகே வந்து, கையை நீட்டி ஜீவிதாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"என் தங்கமில்ல" என்றாள்.

ஜீவிதாவின் முழங்கால் மடங்கியது. கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கண்ணில்ல. உன்னைய விட்டா எனக்கு யாருடி இருக்கா? என் செல்லமில்ல. இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்குவியாம்."

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஜீவிதாவின் தலை தாழ்ந்துகொண்டே போனது. மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைக்கக்கூட அவள் கை எழவில்லை. ஒரே ஒரு தடவை நிமிர்ந்து மோகனப்பிரியாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"பாவம், எவ்வளவு பிரியமாப் பேசுது பாரு அந்தப் புள்ள" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

மாரப்பண்ணன் வந்து ஜீவிதாவைக் கைத்தாங்கலாகத் தூக்கிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, "தின்னு சாமி, கடைசி வரிசைக்கு இன்னும் பத்தல" என்று தட்டை வைத்தார். மோகனப்பிரியா தன் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் பழைய இடத்துக்கு வந்தாள். அவள் முறை வந்தபோது, "அண்ணா, இன்னொரு கரண்டி போடுங்க" என்றாள்.